ஐந்தில் வளையாத விரல்கள்: கிதாரும் தொடங்கும் வயதின் அரசியலும்

1

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பதை ஓர் இயற்கை விதியைப்போலச் சொல்லிக்கொண்டு வருகிறோம். பழமொழிகளின் சாமர்த்தியம் அது. யாரோ, எப்போதோ, எதற்காகவோ செய்துவைத்த ஏற்பாட்டை மூங்கிலின் குணம்போல ஆக்கிக் காட்டிவிடும். இந்தக் கட்டுரை கேட்க விரும்புவது இதைத்தான்: ஐந்து என்று கணக்குப் போட்டது யார்? ஐந்து வயதில் எந்த வீட்டுப் பிள்ளையின் விரல் எந்தக் கருவியின்மேல் வைத்து வளைக்கப்பட்டது? அப்படி வைக்கப்படாத விரல்கள் எங்கே போயின?

கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முப்பத்தெட்டு வயதில் கிதார் கற்கத் தொடங்கியிருக்கிறேன். வேங்கிக்காலில் இதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள்: 'இந்த வயசுல எதுக்கு சார்?' தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறவன், புதிதாக ஒரு கோட்பாட்டைப் படிக்கிறேன் என்று சொன்னால் யாரும் வயதைக் கேட்பதில்லை. விரலைப் படிக்க வைக்கிறேன் என்றால் கேட்கிறார்கள். மூளைக்கு இல்லாத வயது விரலுக்கு மட்டும் எப்படி வந்தது? 'இந்த வயசுல' என்ற சொல்லுக்குள் ஒரு வரலாறு உட்கார்ந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்.

2

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து தொடங்குவோம். மாதவி ஐந்து வயதில் பயிற்சிக்கு விடப்படுகிறாள். ஏழாண்டு பயில்கிறாள். பன்னிரண்டாவது வயதில் சோழன் அவையில் ஏறுகிறாள். தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் கிடைக்கின்றன. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமைக்காரன், குழல்காரன், யாழ்க்காரன் என்று அவளைச் சுற்றி ஒரு நிறுவனமே நிற்கிறது. நம் வகுப்பறைகளில் இந்தக் காதை பண்டைத் தமிழரின் கலைச்சிறப்புக்குச் சான்றாக நடத்தப்படுகிறது. சரி, சிறப்புதான். ஆனால் அந்த ஐந்து, குழந்தை ஆசைப்பட்டு வந்த ஐந்து இல்லை. கணிகையர் குலத்தில் பிறந்ததால் வந்த ஐந்து. கலை அங்கே தொழில். தொழில் அங்கே பிறப்பு. யார் என்ன ஆகப்போகிறார்கள் என்பது பிறக்கும்போதே தெரிந்துவிடுவதால் பயிற்சியும் முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. அவ்வளவுதான் சங்கதி. உழவன் மகன் ஐந்தில் மாட்டின் பின்னால் போனதும், தட்டான் மகன் ஐந்தில் ஊதுகுழல் பிடித்ததும் இதே கணக்கில்தான். 'ஐந்தில் வளை' என்பதன் மறுபக்கத்தில் 'பிறந்த இடத்தில் நில்' என்று எழுதியிருக்கிறது.

இந்தக் கணக்கின் இன்னொரு முனையில் பறை இருக்கிறது. சின்ன வயதிலேயே பறைக்குப் பழக்கப்பட்ட கை, சாவுக்கும் திருவிழாவுக்கும் கூப்பிட்டபோதெல்லாம் போய்த்தான் ஆகவேண்டிய கை. அந்தக் கை 'இனிமே அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்தது தலித் விடுதலை வரலாற்றின் ஒரு பகுதி. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள், ஆண்களே அடித்துவந்த பறையைத் தாங்களாக விரும்பிக் கையில் எடுத்ததும் அதே வரலாற்றின் இன்னொரு பகுதி. ஆக, கற்றலில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, பிறப்பால் சுமத்தப்பட்டதைக் கற்காமலிருக்கும் உரிமை. மற்றொன்று, பிறப்பால் மறுக்கப்பட்டதைப் பிறகு எப்போதாவது கற்கும் உரிமை. இரண்டாவதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. 'தாமதமாகத் தொடங்குகிறவர்' என்று யாரைச் சொல்கிறோமோ அவர்களில் பாதிப்பேர் உண்மையில் தாமதமாக அனுமதிக்கப்பட்டவர்கள்.

3

பிறப்பு ஒரு கதையாடல் என்றால், அருள் இன்னொன்று. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தில் இரண்டு பேர் சேர்ந்து தலம் தலமாகப் போகிறார்கள். ஒருவர் சீகாழிப் பிராமணப் பிள்ளை. மூன்று வயதில் ஞானப்பால் குடித்துப் பாடத் தொடங்கிவிட்ட சம்பந்தர். மற்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். பாணர் குலத்தவர், யாழே பிழைப்பு. பாணரின் சொந்தக்காரர்கள் தருமபுரத்தில் ஒரு பேச்சைக் கிளப்புகிறார்கள்: இவர் யாழில் வாசிக்கிறதாலதான் பிள்ளையின் பதிகத்துக்கு இத்தனை பெருமை என்று. பாணர் பதறிப்போய், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடும்படி பிள்ளையிடம் கேட்கிறார். பிள்ளை பாடுகிறார். கருவி தோற்கிறது. பாணர் யாழை உடைக்க ஓங்க, பிள்ளை தடுக்கிறார். யாழ்முரி என்ற பெயரே அந்தப் பதிகத்துக்கு நிலைத்துவிட்டது.

சொந்தக்காரர்களின் பேச்சை வம்பு என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். யாருடைய உழைப்பு இந்தப் பாட்டைத் தாங்கி நிற்கிறது என்று இசைத்தொழிலாளர் குடும்பம் ஒன்று கேட்ட கேள்வியாக அதை வாசித்துப் பார்க்கலாம். புராணம் சொல்லும் பதில் தெளிவானது: பயிற்சி தோற்கும், அருள் ஜெயிக்கும். பின்னால் யாழே வழக்கொழிந்து போனது. விபுலானந்தர் இலக்கியச் சான்றுகளையும் சுரக்கணக்கையும் வைத்து அதை மீட்டெடுக்க முயன்று 'யாழ்நூல்' எழுதினார், 1947இல் வெளிவந்தது. கருவியின் அளவையும் நரம்பின் எண்ணிக்கையையும் கணக்கிட்டு எடுக்க முடிந்தது. மீட்டிய விரலின் பழக்கத்தை எடுக்க எந்தக் கணக்கும் இல்லை.

எங்கள் ஊர்க் கதை வேறு மாதிரி. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் வாழ்க்கை வெறுத்து வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் தாங்கிப் பிடித்தார், அந்த நொடியிலிருந்து பாடத் தொடங்கினார் என்பார்கள். வயதுவந்த பிறகு தொடங்கியவர்களுக்குக் கொண்டாடத் தோதான கதை. ஆனால் இங்கேயும் விழுந்தவர் எழுந்ததும் பாடிவிடுகிறார். திருப்புகழின் சந்தக் கட்டுமானம் எவ்வளவு சிக்கலானது என்பது யாப்பு படித்தவர்களுக்குத் தெரியும். அத்தனையும் இடையில் ஒரு நாள்கூட சாதகம் இல்லாமல் வந்துவிட்டதாக நம்பச் சொல்கிறது கதை. மூன்று வயதுப் பிள்ளையும் கோபுரத்திலிருந்து விழுந்த மனிதரும் வயதில் எதிரெதிராக நின்றுகொண்டு ஒரே வேலையைச் செய்கிறார்கள். பயிற்சி என்கிற நீண்ட, அலுப்பான, விரல் வலிக்கிற காலத்தை இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். இன்றைக்கு மேடையில் ஏற்றிக் கைதட்டப்படும் 'பாலமேதை' இந்த மரபின் வாரிசுதான். 'அது பிறவியிலேயே வரணும்' என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளையின் வீட்டில் அப்பாவும் தாத்தாவும் அதே கருவியோடு உட்கார்ந்திருந்ததைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறது.

4

இந்தப் பின்னணியில் இரண்டு அந்நியக் கருவிகளின் கதையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வயலின், ஐரோப்பியர்களோடு சென்னைக்கு வந்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்றுக் கர்நாடக இசைக்கு அதைப் பழக்கினார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வாசித்தார். நின்றுகொண்டு வாசிக்கும் கருவி தரையில் உட்கார்ந்தது. அதன் தலை பாதத்தில் சாய்ந்தது. மெட்டு இல்லாத கருவி என்பதால் கமகத்துக்கு வளைந்து கொடுத்தது. இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், மிருதங்கம் இவற்றோடு வயலினும் நம்முடையதாகக் கற்றுத்தரப்படுகிறது. அந்நியம் என்பது கருவியின் மரத்தில் இல்லை, அது எந்த வீட்டுக்குள் போகிறது என்பதில் இருக்கிறது. வயலின் முதலிலேயே சரியான வீட்டுக்குள் போய்விட்டது.

கிதாருக்கு அப்படி ஒரு வீடு கிடைக்கவில்லை. சர்ச், ஆங்கிலோ-இந்தியரின் ரயில்வே காலனி, ஓட்டல் மேடை, பிறகு சினிமா ரிக்கார்டிங் அறை என்று அது போன இடமெல்லாம் சபாவின் வாசலுக்கு வெளியே. வடக்கில் பிரிஜ்பூஷண் காப்ரா (1937-2018) ஹவாய் கிதாரை மடியில் படுக்கவைத்து, கம்பியின்மேல் உலோகத்தை வழுக்கி ராகம் வாசித்தார். நிலவியல் படித்தவர், இளைஞரான பிறகே கிதாரை எடுத்தவர், அலி அக்பர் கானிடம் கற்றவர். 1967இல் ஷிவ்குமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் வாசித்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டு நாடெங்கும் பரவியது. அங்கேயும் கிதார் உள்ளே வர, மெட்டுகளை மறந்து நடந்துகொள்ள வேண்டியிருந்தது.

மெட்டு விஷயத்தில் கிதாருக்கு ஒரு கூட்டாளி உண்டு: ஆர்மோனியம். சுரத்தைப் பெட்டிக்குள் அடைத்துவிடுகிறது, கமகம் பேசாது என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. அதே ஆண்டுகளில் நாடகக் கொட்டகை, பஜனை மடம், கட்சி மேடை எல்லாம் ஆர்மோனியத்தில்தான் ஓடின. சுரம் நிலையாக இருக்கிற கருவி, காது பழக்கப்படாதவனையும் கைபிடித்து நடத்தும். கமகம் பேசாது என்ற அதே காரணத்தால் அது புதியவர்களின் கருவி. ஒரு கருவியின் குறை என்று சபை சொன்னது சபைக்கு வெளியே இருந்தவனுக்குக் கதவாக ஆனது.

5

இப்போது பண்ணைப்புரத்துக்கு வரலாம். பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக அவர் பாடியது இடதுசாரி நண்பர்களுக்குத் தெரிந்த கதை. அவருடைய தம்பி (பிறப்பு 1943) பதின்பருவத்தில் அந்தக் குழுவில் சேர்ந்து, ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகப் போனவர். 1960களின் கடைசியில், இருபத்தைந்து வயதை ஒட்டி, சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைச் செவ்விசையையும் அதன் குறியீட்டு முறையையும் கற்கிறார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்விசைக் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்குகிறார். சலில் சௌத்ரி போன்றவர்களின் குழுவில் கிதார் வாசிக்கிறார். 'அன்னக்கிளி' 1976இல் வருகிறது.

இளையராஜாவைப் 'பிறவி மேதை' என்று சொல்கிறவர்கள் அவரைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு பழைய அருள் கதையைத்தான் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இருபத்தைந்து வயது ஆள், அதுவரை தனக்குத் தெரிந்த இசையை ஓரமாக வைத்துவிட்டு, ஐந்து கோடுகளுக்கு நடுவில் புள்ளி எழுதுவதை முதலிலிருந்து படிக்க உட்கார்ந்திருக்கிறார். ஒரு தலித் இளைஞனை அந்த வயதில் எந்த சங்கீத வீடு திண்ணையில் உட்கார வைத்திருக்கும்? 1877இலிருந்து வெளியாருக்குத் தேர்வு நடத்திவரும் டிரினிட்டி ஒரு காலனியக் காலத்து நிறுவனம்தான், சந்தேகமில்லை. அது கட்டணம் கேட்கிறது, குலத்தைக் கேட்கவில்லை. காலனியத்தை விமர்சிக்கிற நாம் இந்த முரணை விழுங்கிவிட்டுப் போகக்கூடாது. பரம்பரை இல்லாத கருவிக்குத் 'தொடங்கும் வயது' என்ற சடங்கும் இல்லாமல் இருந்தது. தாமதமாக அனுமதிக்கப்பட்டவர்கள் நுழைய அந்த இடைவெளி போதுமாக இருந்தது.

இந்த இடைவெளியைச் சினிமாவே பிறகு அடைத்தது. 1980களின் திரையில் கிதார் யார் தோளில் தொங்கியது என்று நினைத்துப் பாருங்கள். கல்லூரி இளைஞன், மலைப்பிரதேசம், கையில் கிதார். விரல் ஒரு பக்கம் போகும், சத்தம் வேறு பக்கம் வரும். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் கிதார் ஒலியை உண்மையில் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். ரசிகர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? உழைத்த விரல் ரிக்கார்டிங் அறையில் இருந்தது. திரையில் தெரிந்தது இளமை. கிதார் என்றால் இளமை என்ற சமன்பாடு இப்படித்தான் தமிழ் மனதில் ஏறியது. யாழ்முரிக் கதையில் கருவியின் உழைப்பு தோற்றது என்றால், இங்கே அது கண்ணுக்கே தெரியாமல் போனது.

6

உடம்பைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. வேங்கிக்கால், திருவண்ணாமலையை ஒட்டி வேலூர் சாலையில் இருக்கிற ஊர். 1989இல் தனி மாவட்டம் ஆகி, கலெக்டர் ஆபீஸ் இங்கே வந்த பிறகு, ஏரிக்கரை ஊரைச் சுற்றி அரசு ஊழியர்களின் வீடுகள் முளைத்தன. செங்கம் சாலைப் பக்கம் ரமணாசிரமத்துக்கு வந்து தங்குகிற வெள்ளைக்காரர் கிதாரோடு நடந்துபோனால் ஊர் சாதாரணமாகப் பார்க்கும். உள்ளூர்க்காரன் அதே வயதில் எடுத்தால் சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிற ஒருவரின் மாடியில் நாங்கள் கற்கிறோம். பத்து வயதுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு நடுவில் நானும், கலெக்டர் ஆபீஸ் பக்கம் வீடு கட்டுகிற வேலையில் இருக்கும் நாற்பத்தாறு வயதுக் கொத்தனார் ஒருவரும்.

மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைப்பதை 'கார்டு' என்கிறார்கள். ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகள் வந்துவிட்டால் எத்தனையோ பாட்டுக்குத் துணை வாசித்துவிடலாம். 'எஃப்' வரும்போது ஆட்டம் காலி. ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பிகளையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். பலம் மட்டும் போதாது, எலும்பின் சாய்வு தெரிய வேண்டும். முதல் மாதம் பேனாவைத் தவிர வேறு எதையும் பிடிக்காத என் விரல்நுனி எரிந்தது. கொத்தனாருக்கு எரியவே இல்லை. அவர் கை ஏற்கெனவே காய்ப்புக் காய்ந்த கை. அவருடைய சிக்கல் வேறு: விரல் தடிமனால் ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் அமுங்கிவிடுகிறது. 'சிமெண்டு தின்ன விரலு சார், நைஸா போவ மாட்டேங்குது' என்றார். உடம்பைக் கால அட்டவணைக்கும் வேலைக்கும் பழக்கிப் பணியவைக்கும் நவீன அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோ 1975இல் எழுதினார். எங்கள் இருவர் கையும் அந்த நூலுக்கு எதிரெதிர் அடிக்குறிப்புகள். வயது முதிர்ந்த கை காலியான கை இல்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட கை. அதன்மேல் இன்னொன்றை எழுத வேண்டியிருக்கிறது.

அறிவியல் என்ன சொல்கிறது? தாமஸ் எல்பர்ட்டும் குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், கம்பிக் கருவி வாசிக்கிற ஒன்பது பேரின் மூளையை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒருவர் கிதார்க்காரர். இடதுகை விரல்களுக்கான மூளைப் பகுதியின் எதிர்வினை மற்றவர்களைவிட அவர்களிடம் வலுவாக இருந்தது. சிறு வயதில் தொடங்கியவர்களிடம் இன்னும் அதிகமாக. துணைச்சுரம் இல்லாமல் ஒரு சுரத்தைக் கேட்டதும் பெயர் சொல்லும் திறனும் ஆறேழு வயதுக்குள் தொடங்கியவர்களிடமே பெரும்பாலும் காணப்படுகிறது. இதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை. ஐந்தில் தொடங்கினால் ஆதாயம் உண்டு. ஆனால் ஆதாயம் வேறு, அனுமதி வேறு. முன்னால் தொடங்கியவன் தூரம் போவான் என்ற தகவலை, பின்னால் வந்தவன் வரவே கூடாது என்ற தீர்ப்பாக மாற்றுவது உயிரியலின் வேலை இல்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு சுவையும் உண்டு. கிதாரில், வீணையையும் வயலினையும் போலவே, சுரத்தைத் தேடிப் பிடிப்பது இடதுகை. சோற்றுக்கும் ஆசீர்வாதத்துக்கும் தகுதியில்லை என்று ஒதுக்கிவைத்து, 'பீச்சாங்கை' என்று பேரும் வைத்திருக்கிறோமே, அந்தக் கைதான். எனக்கு முப்பத்தெட்டு வயது; என் இடதுகை இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறது.

7

கடைசியாக, நேரம். நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளராக இருந்த கேரி மார்க்கஸ் நாற்பதை நெருங்குகையில் கிதார் கற்கத் தொடங்கி, 2012இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வயதானவரும் கற்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் அவருக்குப் பல்கலைக்கழகம் தரும் ஆய்வு விடுப்பு இருந்தது. கொத்தனாருக்கு இருப்பது, சாரத்திலிருந்து இறங்கிக் குளித்த பிறகு மிஞ்சுகிற ஒரு மணி நேரம். ழாக் ரான்சியர் 'பாட்டாளிகளின் இரவு' (1981) நூலில், 1830களின் பிரெஞ்சுத் தொழிலாளிகள் தூக்கத்தைத் திருடிக் கவிதையும் தத்துவமும் எழுதியதைக் காட்டுகிறார். உழைக்கிறவன் பகலில் உழைக்கவும் இரவில் தூங்கவும் வேண்டும் என்ற பங்கீட்டை அவர்கள் மீறியது கூலிப் போராட்டத்துக்குக் குறைந்த அரசியல் இல்லை என்பது அவர் வாதம்.

பெண்களுக்கு இந்தப் பங்கீடு இன்னும் கொடூரமானது. வசதியான வீடுகளில் பெண்ணுக்கு வீணையோ பாட்டோ கற்றுக்கொடுத்தது பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பாடுவதற்கு. கல்யாணம் ஆனதும் வீணைக்கு உறை போட்டாகிவிடும். அவளுடைய கற்கும் வயதை முடித்துவைத்தது அவள் மூளை இல்லை, தாலி. நாற்பத்தைந்து வயதில், பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, அவள் ஒரு கருவியை எடுத்தால் அதைப் 'பொழுதுபோக்கு' என்கிறோம். முப்பது வருஷம் அவளுக்குப் பொழுது போகாமல் இருந்ததா, அல்லது அவள் பொழுதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்களா என்று யாரும் கேட்பதில்லை. அரசு இசைப்பள்ளிகளின் சேர்க்கை அறிவிப்புகள் 12 வயது முதல் 25 வயது வரை என்று கோடு போடுகின்றன. கல்யாணத்துக்கும் கூலிக்கும் இழந்த ஆண்டுகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. முழுநேரப் படிப்புக்கு வயது வைக்கட்டும். மாலையில் வருகிற கொத்தனாருக்கும் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் அதே கட்டடத்தில் ஒரு வகுப்பு ஏன் நடக்கக்கூடாது? இதைக் கோரிக்கையாக வைக்க நம் கலை இலக்கிய அமைப்புகளுக்கு ஏன் தோன்றவில்லை?

சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுதான் முதல். அந்த நாளின் பின்னால் இருந்த கோரிக்கை எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் எங்களுக்கு. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு, அந்த ஆண்டு மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். அப்போது நாம் பேசியதெல்லாம் முதல் எட்டு மணியைப் பற்றி, கொஞ்சம் இரண்டாவது எட்டைப் பற்றி. மூன்றாவது எட்டில் என்ன நடக்க வேண்டும் என்று பேசவில்லை. அந்த எட்டுக்குள்தான் ஒருவர் தன் பிறப்பு சொல்லாத ஒன்றை, யாரும் கேட்காத ஒன்றை, தப்பும் தவறுமாகக் கற்கத் தொடங்க முடியும். நன்றாக வாசிப்பதற்கான உரிமைக்கு முன்னால், மோசமாக வாசிப்பதற்கான நேரம் வேண்டும். ஐந்தில் வளைக்கப்படாத விரல்களுக்கு நாம் கேட்டுவாங்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.